கேட்டால் மட்டும்

ஜனவரி 11

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உன் முழங்காலைப் பற்றி நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அதைத்தான் கேட்டேன். டிக்கெட் கவுன்டருக்குப் புதிதாகப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்றாய். மறுபடியும் கேட்டேன். "ஆமா ஆமா, பச்சைதான்" என்றாய். பிறகு லைன் சரியில்லை என்று வைத்துவிட்டாய். செய்தி அனுப்பினால் "சரி" என்று ஒரு வார்த்தை வருகிறது. எதற்குச் சரி என்று தெரிவதில்லை. ஆகவே காகிதத்துக்குத் திரும்பிவிட்டேன். எங்கள் தெருவுக்குத் தபால்காரர் இன்னும் வருகிறார் என்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு சேதி. பாடநூல் பதிப்பகத்தில் வரலாற்றுப் பிரிவை நவம்பரோடு மூடிவிட்டார்கள். இருபது வருடம் அடுத்தவர் எழுதிய வாக்கியங்களைத் திருத்தினேன். கடைசியில் எனக்குக் கொடுத்த விடைபெறும் கடிதத்திலேயே மூன்று பிழைகள். இப்போது ஒரு பயண நிறுவனத்தில் எழுத்து வேலை. ஊர்களைப் பற்றி எழுத வேண்டும். அந்த ஊர்களுக்குப் போக வேண்டியதில்லை. மூன்றாவது மாடி, ஜன்னலோர நாற்காலி, என்னைவிட இருபது வயது குறைந்த குழுத் தலைவி. என்னை "மேம்" என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு வேலையை மட்டும் குறைக்காமல் தருகிறாள்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல். முழங்காலைப் பற்றித் தனி வரியாக எழுது.

உன் தங்கை

•

ஜனவரி 30

அன்புள்ள புரொபசருக்கு,

(நீ புரொபசர் ஆகவில்லை என்பது எனக்கும் தெரியும். டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு வகுப்புப் பக்கமே போகாதவளை வேறு எப்படிக் கூப்பிடுவது?)

கடிதம் கிடைத்தது. அண்ணி இரண்டு தடவை படித்தாள். இருவரும் சௌக்கியம். முழங்கால் ஏறும்போது சும்மா இருக்கிறது, இறங்கும்போதுதான் முணுமுணுக்கிறது. தனி வரி போதுமா?

கோட்டையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நான் எதைக் காட்டினாலும் போன்தான் முதலில் பார்க்கிறது. கிணற்றைக் காட்டினால் ஆள் குனிவதற்கு முன்னால் போன் குனிகிறது. இதில் புதிதாக ஒன்று. கோட்டைக்குள் பதினைந்து இடத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டை ஒட்டப் போகிறார்களாம். அதற்கு நேரே போனைப் பிடித்தால் அந்த இடத்தின் கதையைப் போனே சொல்லும். மே மாதத்துக்குள் வந்துவிடுமாம்.

மேலாளர் எங்கள் ஒன்பது கைடுகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். எல்லோருடைய உரிமமும் ஜூன் முப்பதோடு முடிகிறது. "யாரையும் வீட்டுக்கு அனுப்பணும்னு இல்ல. ஆனா ஒம்போது பேரும் வேணுமான்னு பாக்கணும்" என்றார். ஸ்பீக்கர் எனக்கு அதைத் திருப்பிச் சொன்னான். உனக்கு ஸ்பீக்கரைத் தெரியும்தானே? நீ இங்கே வந்தபோது மழையில் குடை பிடித்துக்கொண்டு கத்திக் கத்திப் பேசினானே, அந்தக் கைடுதான். இப்போதெல்லாம் நாங்கள் ஜோடியாகத்தான் கூட்டத்தை அழைத்துப் போகிறோம்.

இருபத்தாறு வருடமாக இந்த ஒரு வேலைதான் தெரியும். நான் வீட்டில் உட்கார்ந்தால் அண்ணி வேலை தேடிக் கிளம்பிவிடுவாள்.

அண்ணன்

•

பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இங்கே வெயில் முன்கூட்டியே வந்துவிட்டது.

உரிமம் பற்றி எழுதியதைப் படித்தேன். போனில் கதை கேட்கிறவர்களும் உன்னைத் தேடுவார்கள் என்று உனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. சிலர் தேட மாட்டார்கள். எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. மேலாளர் சொல்லும்வரை காத்திருக்காமல் புதுப்பிக்கும் மனுவை முதல் ஆளாகக் கொடுத்துவிடு.

ஓர் உதவி. உன் கோட்டையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாக எழுதுவாயா? ஒரு கட்டுரைக்கு வேண்டியிருக்கிறது. நான் வந்த அன்று மழையால் பாதியில் திரும்பிவிட்டோம், மேலே பார்க்கவே இல்லை. எத்தனை படி, எந்த அறை எதற்கு, மற்றவர் சொல்லாமல் நீ மட்டும் சொல்வது என்ன. புத்தகங்களில் இருப்பது என்னிடம் இருக்கிறது; அது போதவில்லை.

அவசரமில்லை. மார்ச் நடுவுக்குள் வந்தால் போதும்.

உன் தங்கை

•

மார்ச் 9

அன்புள்ள புரொபசருக்கு,

நீ என்னிடம் பாடம் கேட்பதைப் பார்க்க அப்பா இல்லை. இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார். மூன்று நாளாக, கூட்டம் இல்லாத நேரத்தில், கிணற்று மேடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அடிவாசலிலிருந்து உச்சிக்கு நூற்று நாற்பத்து மூன்று படி. எழுபதாவது படிக்குப் பிறகு படியின் உயரம் ஒரு விரல்கடை கூடுகிறது. கட்டியவன் களைத்தானோ, ஏறுகிறவன் களைக்கட்டும் என்று நினைத்தானோ தெரியாது. தானியக் கிடங்கில் நின்று மெதுவாகப் பேசினாலே எதிர்மூலையில் தெளிவாகக் கேட்கும். அங்கே கொண்டுபோனால் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் தங்கள் பெயரையே கூப்பிட்டுப் பார்ப்பார்கள். வேறு பெயர் எதுவும் தோன்றாது போலிருக்கிறது.

மேற்கு மதிலின் மேல்தளத்தில் இடுப்பு உயரத்தில் சதுரமாக ஒரு திறப்பு. அதற்கு ராணி ஜன்னல் என்று பெயர். சாயங்காலச் சூரியன் நேராக அதற்குள் இறங்கும். வருகிறவர்கள் அதில் முகத்தை வைத்து, கன்னத்தில் கையை வைத்து, ராணியாகப் படம் எடுத்துக்கொள்வார்கள். ஆம்பளைகளும்தான். உண்மையில் அது சமையல்கட்டின் கழிவைக் கொட்டும் வழி. வெளியே எட்டிப் பார்த்தால் சரிவாக வைத்த கல் இன்னும் இருக்கிறது. இதில் எனக்கு ஒரு சட்டம். முதலில் படம் எடுக்க விடுவேன். பிறகு யாராவது, "ராணி இங்கதான் நிப்பாங்களா?" என்று கேட்டால் உண்மையைச் சொல்வேன். கேட்டால் மட்டும். கேட்காதவர்களுக்கு ராணி அங்கேயே நிற்கட்டும்.

பத்துப் பக்கம் ஆகிவிட்டது. கட்டுரையில் என் பெயரைப் போடாதே, மேலாளர் வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். மனு கொடுத்துவிட்டேன். முதல் ஆள் இல்லை, நான்காவது.

அண்ணன்

•

ஏப்ரல் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

நீ எழுதியது மிகவும் பயன்பட்டது. கட்டுரை முடிந்துவிட்டது.

மனு நான்காவதாகப் போனது பரவாயில்லை. அண்ணிக்கு என் அன்பு. வேறு ஒன்றும் விசேஷமில்லை.

உன் தங்கை

•

மே 18

தங்கைக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம்.

அட்டைகள் ஒட்டிவிட்டார்கள். பத்து நாளாகப் போன் பேசுகிறது. காதில் மாட்டிக்கொண்டு வருகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். கேட்டவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். பெண் குரலாம், மூச்சே விடாமல் பேசுகிறதாம்.

நேற்று டிக்கெட் கவுன்டர் அம்மா தன் போனைக் கொடுத்து, "காதுல மாட்டிக் கேளுங்க சார்" என்றார். எழுத்திலும் வருகிறதே, படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நிழலில் உட்கார்ந்து பதினைந்தையும் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. எழுபதாவது படிக்குப் பிறகு ஒரு விரல்கடை கூடுவது வருகிறது. தானியக் கிடங்கில் எல்லோரும் தங்கள் பெயரையே கூப்பிடுவது வருகிறது. ராணி ஜன்னலில் போனைப் பிடித்த உடனே, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, கழிவு கொட்டும் வழி என்று வந்துவிடுகிறது.

இதையெல்லாம் எங்களோடு வந்த யாராவது போய் எழுதியிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் முதல் அட்டையில் படிகள் நூற்று நாற்பத்து மூன்று என்று இருக்கிறது. அடிவாசல் பலகையில் நூற்று நாற்பத்திரண்டு. எல்லாப் புத்தகத்திலும் நூற்று நாற்பத்திரண்டு. மற்ற எட்டுக் கைடுகளும் சொல்வது நூற்று நாற்பத்திரண்டு. வாசற்படி என்று பெயரிலேயே படி இருக்கிறதே என்று அதையும் சேர்த்து எண்ணுவது நம் வீட்டில் மட்டும்தான். நானும் வருகிறவர்களிடம் நூற்று நாற்பத்திரண்டு என்றுதான் சொல்வேன். கடிதத்தில்தான் கை தானாக எழுதிவிட்டது. அது உனக்கு மட்டும் எழுதிய கடிதம்.

நீதானா?

அண்ணன்

•

மே 27

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான்தான்.

பிப்ரவரியில் குழுத் தலைவி முப்பது இடங்களின் பட்டியலை மேஜையில் வைத்தாள். ஏழாவது உன் கோட்டை. வேறு யாரிடமாவது கொடு என்று சொல்லியிருக்கலாம். யாரோ ஒருவர் தப்பும் தவறுமாக எழுதுவதைவிட நான் எழுதுவது மேல் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை, முடியாது என்று சொல்லப் பயமாக இருந்தது என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரியது, உன்னிடம் மறைத்து இனி ஆவதென்ன. கட்டுரை என்று பொய் சொன்னேன். நீ மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாய். நான் அதைத் தொண்ணூறு வினாடித் துண்டுகளாக வெட்டினேன். ஓரிடத்தில் அதற்கு மேல் யாரும் நிற்பதில்லையாம். என் வாக்கியங்களை ஒரு கணினி வாசிக்கிறது. நீ வேலை செய்யும் இடத்தைப் பற்றி எழுதுவதற்கு முன் உன்னிடம் நான் கேட்கவில்லை. அதுதான் நான் செய்தது.

நூற்று நாற்பத்து மூன்றைப் பலகையோடு ஒப்பிட எனக்குத் தோன்றவே இல்லை. மற்றவர் கணக்கையெல்லாம் சந்தேகிக்கிறவளுக்கு அந்த எண் சரியாகவே பட்டது.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். கோபத்தில் இருக்கும்போது கேட்பது நியாயமில்லை, ஆனாலும் கேட்கிறேன். காதில் மாட்டிக் கேட்கச் சொன்னபோது ஏன் படித்தாய்? மேலாளர் உங்கள் எல்லோரையும் எதிரில் வைத்துப் பேசியதை ஸ்பீக்கர் ஏன் உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்? உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். முன்பெல்லாம் யார் என்ன கேட்டார்கள் என்றுதான் பக்கம் பக்கமாக எழுதுவாய். இந்த வருடம் யாரும் உன்னிடம் எதுவும் கேட்டதாகவே இல்லை. உன் காதுக்கு என்ன?

உன் தங்கை

•

ஜூன் 14

அன்புள்ள நாத்தனாருக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அண்ணன் உனக்குப் பதில் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு உன் மாதிரி எழுத வராது. கடிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். சாவியை மேஜை மேலேயே வைத்துவிட்டுப் போனார். படிக்கட்டும் என்றுதான் வைத்தார் என்று எடுத்துக்கொண்டேன்.

நீ நினைத்தது சரி. இரண்டு வருடம் ஆகிறது. முதலில் இடது காது, இப்போது வலதும் பாதி. வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வார். போன் வந்த பிறகு வருகிறவர்கள் அவர் பக்கம் திரும்பிப் பேசுவதில்லையாம், தலையைக் குனிந்துகொண்டே கேட்கிறார்களாம். அதனால்தான் ஸ்பீக்கர் கூடவே போகிறார். யாராவது கேட்டால் அவர் சத்தமாகத் திருப்பிச் சொல்வார், இவர் பதில் சொல்வார். இது எனக்கும் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். வேறு யாருக்கும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். உனக்குத் தானாகத் தெரிந்துவிட்டதால் நான் வாக்கு மீறவில்லை என்று நினைக்கிறேன்.

இப்போது கஷ்டம் என்னவென்றால், உரிமம் புதுப்பிக்க ஐம்பது தாண்டியவர்கள் கண், காது, இதயம் மூன்றுக்கும் சான்றிதழ் கொண்டுவர வேண்டும் என்று இந்த வருடம் புதிதாகப் போட்டிருக்கிறார்கள். காதுக்கு இருபத்து நான்காம் தேதி. அவர் போகவில்லை என்கிறார். "போனைப் பாத்துப் பயந்து ஓடிட்டான்னு சொல்லட்டும், செவிடன்னு சொல்ல வேண்டாம்" என்கிறார். உன்மேல் இருக்கும் கோபம் அவருக்கு இப்போது வசதியாக இருக்கிறது. நீ எழுது. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், எனக்கு வாய்தான் வலிக்கிறது, சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

அண்ணி

•

ஜூன் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

சாவியை மேஜை மேல் வைத்ததற்கு நன்றி.

ஒரே ஒரு கணக்கு. பரிசோதனைக்குப் போகாவிட்டால் உரிமம் நிச்சயமாகப் போய்விடும். போனால் போகலாம், போகாமலும் இருக்கலாம். வேறு எதையும் சொல்லி உன்னைத் தேற்ற எனக்கு இப்போது உரிமையில்லை.

என் பக்கத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது, அதைச் செய்துவிட்டேன். ராணி ஜன்னல் அட்டைக்கு எழுதியதை எடுத்துவிட்டேன். ஆதாரம் இல்லாத தகவல் என்று குழுத் தலைவியிடம் சொன்னேன். பொய்யில்லை, உன் கடிதத்தைத் தவிர ஆதாரம் கிடையாது. இனி அங்கே போனைப் பிடித்தால், "மேற்கு மதில், மேல்தளம்" என்று மட்டும் சொல்லும். படிகளின் எண்ணிக்கையையும் நூற்று நாற்பத்திரண்டு ஆக்கிவிட்டேன். அதற்குத்தான் மனம் வரவில்லை.

இருபத்து நான்கு, புதன்கிழமை.

உன் தங்கை

•

ஜூலை 3

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சௌக்கியம். போனேன்.

அண்ணியும் வந்தாள், வெளியே உட்கார வைத்துவிட்டேன். ஒரு சின்னக் கண்ணாடி அறை. உள்ளே நாற்காலி, காதில் மாட்டுவது ஒன்று, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். வெளியே ஒரு பெண் கருவியை வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். சத்தம் அனுப்பும்போது அவள் புருவம் லேசாக அசைந்தது. இருபத்தாறு வருடம் முகம் பார்த்துப் பிழைத்தவன் நான். புருவம் அசையும்போதெல்லாம் அமுக்கினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. நான்கைந்து நிமிடம் கழித்து அந்தப் பெண் என்னையே பார்த்தாள். பிறகு நாற்காலியைத் திருப்பி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அமுக்க எதுவும் இல்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பின்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு அமைதியாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

சான்றிதழை மறுநாள் மேலாளரிடம் நானே கொடுத்தேன். படித்தார். "இவ்வளவு நாளா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்று ஒரு தாளில் எழுதிக் காட்டினார். "நீங்க கேக்கலையே சார்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒன்பதில் ஆறு பேரை வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஆறு மாதத்துக்கு மட்டும் உரிமம். இரண்டு நிபந்தனை. மருத்துவமனையில் கொடுக்கும் கருவியைக் காதில் போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்தையும் கிளப்புவதற்கு முன்னால், எனக்குக் காது கேட்காது என்று வாசலிலேயே நானே சொல்ல வேண்டும். முதலாவது பரவாயில்லை. இரண்டாவதை நினைத்தால் முழங்கால் வலிகூட மறந்துபோகிறது.

நீ என்னிடம் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். எனக்கும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே வார்த்தைதான். போகட்டும்.

ராணி ஜன்னலில் போன் சும்மா இருப்பதால் வருகிறவர்கள் சுற்றுமுற்றும் பார்க்கிறார்கள். ஸ்பீக்கர் அதற்காகவே அங்கே போய் நிற்கிறான்.

அண்ணன்

•

ஜூலை 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். கடிதத்தை அலுவலகத்தில் படித்திருக்கக் கூடாது. குழுத் தலைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வாசலில் சொன்ன பிறகு எத்தனை பேர் உன்னோடு வருகிறார்கள் என்று எழுது. எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் எழுது. யாரும் வராவிட்டாலும் எழுது.

உன் தங்கை

•

ஆகஸ்ட் 12

அன்புள்ள புரொபசருக்கு,

நாங்கள் சௌக்கியம். கருவி வந்து மூன்று வாரம் ஆகிறது. கேட்க வேண்டியதைவிட வேண்டாததுதான் அதிகம் கேட்கிறது. என் சட்டை உரசுவது கேட்கிறது. நாலு பேர் சேர்ந்து பேசினால் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுகிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசடா என்று ஸ்பீக்கரிடம் சொன்னேன். "இருவத்தாறு வருஷமா இப்படித்தான் பேசுறேன், உனக்கு இப்பத்தான் கேக்குதா?" என்று முறைத்துக்கொண்டு போய்விட்டான். அன்று முழுக்க என் பக்கம் வரவில்லை.

நீ எண்ணிக்கை கேட்டாய். இத்தனை நாளும் எண்ணிக்கையே இல்லை. ஸ்பீக்கர்தான் எனக்காக வாசலில் சொன்னான், நான் பின்னால் நின்றேன். மேலாளர் பார்த்துவிட்டு, நிபந்தனையில் அப்படி இல்லை என்றார். அதனால் நேற்றுத் தனியாக நின்றேன். பதினொரு பேர்.

"எனக்குக் காது சரியாக் கேக்காது. கேள்வி இருந்தா எதிர்ல வந்து, மெதுவாக் கேளுங்க. புரியலன்னா திருப்பிச் சொல்லச் சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றேன். வீட்டில் அண்ணியிடம் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்ததுதான்.

பிறகு ஏழு பேர், மரியாதையாகத்தான், போனை எடுத்துக்கொண்டு அட்டைப் பக்கம் போனார்கள். நான்கு பேர் நின்றார்கள்.

ஏறினோம். கிணற்றைச் சொன்னேன், கொடிமேடையைச் சொன்னேன். எண்பதாவது படி இருக்கும், அந்த நால்வரில் ஓர் அம்மா, உன் வயதுதான் இருக்கும், இரண்டு படி மேலே ஏறி எனக்கு எதிரில் வந்து நின்றார். என் முகத்தை நேராகப் பார்த்து ஏதோ கேட்டார். காற்று. புரியவில்லை. திருப்பிச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் கேட்டார். அதுவும் சரியாக விழவில்லை. மற்ற மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னொரு தடவைம்மா" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக, வாயைத் திறந்து, மூன்றாவது தடவை கேட்டார்.

கழிவறை எங்கே இருக்கிறது என்று.

அது அடிவாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எண்பது படி இறங்க வேண்டும். கையைக் காட்டிச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு இறங்கினார். அவர் மறுபடி ஏறி வரும்வரை நான் அங்கேயே நின்றேன். மற்ற மூன்று பேரும் நின்றார்கள்.

அண்ணன்